நாங்கள் அளவாக வைத்திருந்த மூச்சு

லத்தீப் நானாவின் மகள் அழைத்தபோது நான் ஒரு பெரியவரின் மூச்சை அளந்துகொண்டிருந்தேன். ஊதத் தொடங்கியவரைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதால் மேசையில் அதிர்ந்த கைப்பேசியை எடுக்கவில்லை. அவர் ஊதி முடித்து, இளைப்பாறி, வெளியே போன பிறகுதான் திருப்பி அழைத்தேன்.

"ஆன்ட்டி, வாப்பா மவுத்தாகிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றாள் ஃபர்ஹானா.

கேட்டவுடன் எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது ஆறுதல். இனி அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற ஆறுதல். அழுகை பிறகுதான் வந்தது. எதற்காக அழுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நமுனுகுலையிலும் லுணுகலையிலும் ஹல்துமுல்லையிலும் அவர் முன் கதிரையில் அமர்ந்து, அவர் கொடுத்த குழாயில் ஊதியவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவரை 'ஊதுற நானா' என்றுதான் தெரியும். அவர் இல்லை என்ற செய்தி உங்கள் தோட்டத்துக்கு இந்நேரம் வந்திருக்கும். அவர் எப்படி இறந்தார் என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதினால், ஏற்கெனவே செய்ததையே மறுபடியும் செய்தவள் ஆவேன்.

நாங்கள் பதுளை நகரில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சிறிய ஆய்வுக் குழு. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு என்னென்ன நுரையீரல் நோய்கள் வருகின்றன, அவற்றை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் எங்கள் ஆய்வு. குழுவுக்குப் பொறுப்பாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். கேள்விகளைக் கேட்டுப் பதில்களைக் குறித்துக்கொள்வது என் வேலை. மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் என்ற கருவி, நாங்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்த லத்தீப்பின் பொறுப்பில் இருந்தது. அவர் பதுளை பசாரில் அரிசிக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கடையைத் தம்பிமாரிடம் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். "மூட்டை நிறுத்தது போதும் தங்கச்சி, இனி காத்த நிறுப்பம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஸ்பைரோமீட்டரில் ஊதுவது எளிதான காரியமில்லை. மூச்சை நிறைய இழுத்து, குழாயை உதடுகளால் இறுக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் தீரும்வரை விடாமல் ஊத வேண்டும். நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் முதல் நாள் கருவியை வைத்தபோது, எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர ஒருவரும் உள்ளே வரவில்லை. ஊதத் தெரியாமல் சிரிப்புக்கு ஆளாகிவிடுவோமோ என்ற பயம். நானா கதிரையை வாசலுக்கே இழுத்துப் போட்டார். தானே உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து, வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஊதினார். ஒரு கழுதை இருமியது போன்ற சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிச்சாச்சா? இதவிட மோசமா ஒங்களால ஊத ஏலாது. வாங்க" என்றார். "இது பரீட்சை இல்ல. தோத்தாலும் தேத்தண்ணி இரிக்கி."

அன்று மாலைவரை அவருடைய குரல் ஓயவில்லை. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இரிக்கி, உள்ளுக்கு இன்னும் இரிக்கி, விட்டுடாதீங்க." பக்கத்து லயத்தின் வரிசை வீடுகளில் இருந்தவர்களும் அதைக் கேட்டுத் தாமாகவே வந்தார்கள்.

பெண்கள் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நெஞ்சில் பலமில்லை என்று நான் நினைத்தேன். அப்படியே குறித்தும் வைத்தேன். ஒரு நாள் காலையில் நானா என்னைத் தனியாக அழைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏன் பாதியில நிப்பாட்டுறாங்க என்டு ராத்திரி எங்கட வீட்டுல கேட்டன். அவ சொன்னா, பிள்ளப் பெத்த பொம்பளையள் அப்பிடி முக்கி ஊதினா உடுப்பு நனஞ்சுரும் என்டு. வெளிய சொல்லுவாங்களா? தங்கச்சி, நீங்க முதல்ல அவங்களத் தனியா வெச்சுக் கேளுங்க. கக்கூசுக்குப் போய்ட்டு வரச் சொல்லுங்க. ஊதுற நேரம் நான் அங்கால திரும்பி நிக்கிறன். மிஷின்ட சத்தத்த வெச்சே எனக்கு விளங்கும்."

நான் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பெண்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. அதன் பிறகு அவர் சுவரைப் பார்த்து நின்றபடியேதான் பெண்களை ஊத வைத்தார். லுணுகலையில் ஒரு அம்மா என் காதில், "ஏம்மா, அந்த நானாவுக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டார்.

இனிச் சொல்ல வேண்டியது எனக்குக் கடினமானது.

கருவி காட்டும் அளவு சரியா என்பதை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி, நல்ல ஆரோக்கியமான ஒருவரை வாரந்தோறும் ஊத வைப்பது. அவருடைய மூச்சு மாறாது. ஆகவே அளவு மாறினால் கருவியில் பிழை என்று கொள்ளலாம். எங்கள் குழுவில் அந்த ஆள் லத்தீப் நானாதான். இளமையில் பந்து விளையாடியவர். சிகரெட்டைத் தொட்டதில்லை. கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் படிகளில் எங்களுக்கு முன்னால் ஏறிப் போவார். ஆகவே வார ஆரம்பத்தில் அவர் ஊதுவார், டாக்டர் அளவைப் பார்ப்பார், "சரி, போவோம்" என்பார். அந்த மூச்சை அளவாக வைத்துத்தான் உங்கள் எல்லோருடைய மூச்சையும் அளந்தோம்.

சில காலம் போன பிறகு அவருடைய அளவு குறையத் தொடங்கியது. டாக்டர் கருவியைக் கழற்றித் துடைத்தார். குழாயை மாற்றினோம். இன்னும் குறைந்தது. கருவியைக் கொழும்புக்கு அனுப்பினோம். பிழை ஒன்றும் இல்லை என்று அது திரும்பி வந்தது. மலை ஏறி இறங்கும்போது வேனில் ஆடி அசைவதால் இருக்கும் என்று நினைத்து, பஞ்சு வைத்த ஒரு பெட்டி செய்வித்தோம். நானா அந்தப் பெட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருவார். அப்படியும் குறைந்தது.

கடைசியில் டாக்டர் சொன்னார்: "நானாவுக்கும் வயசு போகுதுதானே. நாம வேற ஆள வெப்போம்." என்னைப் பார்த்தார். நான் குழுவில் இளையவள். எனக்கும் நோய் எதுவும் இல்லை. நானா உடனே எழுந்து கதிரையை எனக்குக் கொடுத்தார். "இனி தங்கச்சிட காத்துதான் கணக்கு" என்றார். நான் ஊதினேன். அளவு சரியாக வந்தது. அடுத்த வாரமும் சரியாக வந்தது. கருவி சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி.

நாங்கள் மூச்சைப் பற்றி ஆராய வந்தவர்கள். ஒரு மனிதரின் மூச்சு குறைந்துகொண்டு போவதை எங்கள் கருவி திரும்பத் திரும்பச் சொன்னது. நாங்கள் கருவியைச் சந்தேகித்தோம். அதைத் தீர்க்க முடியாமல் போனதும் ஆளை மாற்றினோம். கருவியைச் சந்தேகித்த எங்களில் ஒருவருக்குக்கூட அவரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் அவர் படிகளில் பின்தங்கத் தொடங்கியிருந்தார். பாதிப் படியில் நின்று யாருடைய தோட்டத்து பீன்ஸையாவது பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன உரம் போடுறீங்க?" என்று கேட்டுப் பேச்சை வளர்ப்பார். மனிதர்களோடு பேச ஆசைப்பட்டு நிற்கிறார் என்று நினைத்து நான் மேலே போய்க் காத்திருப்பேன்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு லயத்தில் மாரியாயி என்ற அம்மாவிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று என் தொண்டை கட்டியிருந்ததால் நானாதான் கேட்டார், நான் குறித்தேன். அடுப்பில் என்ன விறகு, புகை போக வழி உண்டா, பீடி சுருட்டு உண்டா என்று வரிசையாகப் போய், "கோழி, புறா, கிளி ஏதும் வளக்கிறீங்களா?" என்ற கேள்விக்கு வந்தார்.

"கோழி ரெண்டு இருந்துச்சுங்க. கீரி புடிச்சிருச்சு" என்றார் மாரியாயி அம்மா. பிறகு மரியாதைக்காக அவரிடமே திருப்பிக் கேட்டார். "நீங்க வளக்கிறீங்களா நானா?"

"புறா வளக்கிறன். வீட்டுக்குப் பின்னால நிறைய இரிக்கி. காலையில எழும்பினதும் அதுகட கூட்டக் கூட்டிப் பெருக்குறதுதான் எனக்கு வேல."

"புறா அழகுங்க."

"அழகுதான். தூசிதான் தாங்க ஏலாது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாரியாயி அம்மாவின் கோழிகளைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றேன்.

புறாவின் எச்சத்திலும் இறகிலும் இருந்து எழும் தூசி சிலருடைய நுரையீரலுக்கு ஒவ்வாது. நாளாக நாளாக அது நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். ஆரம்பத்திலேயே கண்டு, பறவைகளை விட்டு விலகினால் பலர் தேறிவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தக் கேள்வி எங்கள் வரிசையில் இருந்தது. எத்தனையோ பேரிடம் நாங்கள் கேட்ட கேள்வி அது. நானாவிடம் கேட்டது மாரியாயி அம்மா மட்டும்தான். நானா சொன்ன பதில் காதில் விழுந்தும் நான் கேட்கவில்லை.

நோய் வெளிப்பட்டது தற்செயலாக. மருத்துவ மாணவர்கள் சிலர் எங்கள் வேலையைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆரோக்கியமான நுரையீரலின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்ட டாக்டர் நானாவையே உட்கார வைத்தார். ஒரு மாணவி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். "டாக்டர், சத்தம் ஒண்டு வருது" என்றாள் தயங்கித் தயங்கி. "சேட் உரசுற சத்தமா இருக்கும்" என்றார் டாக்டர். நானா சட்டையைக் கழற்றினார். மாணவி கேட்டுவிட்டு ஸ்டெதஸ்கோப்பை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் முதுகின் அடிப்பக்கம் இரண்டு புறமும் கேட்டார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். காய்ந்த சருகை மிதிப்பது போன்ற சத்தம் என்று பிறகு சொன்னார். நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சட்டையைப் போட்டு எல்லாப் பொத்தானையும் பூட்டினார்.

கொழும்பில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த வைத்தியர் முதலில் கேட்டதே பறவை வளர்க்கிறாரா என்றுதானாம். நானா வந்து அதை எங்களிடம் சொன்னார். புறாக்களை அந்த வாரமே மஹியங்கனைப் பக்கம் ஒரு சொந்தக்காரரிடம் அனுப்பிவிட்டார். சில புறாக்கள் திரும்பி வந்துவிட்டன என்று அவருடைய மனைவி ஸுபைதா சொன்னார். கூடு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்குமாம். நானா ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருந்து பார்ப்பாராம்.

மருந்து கொஞ்சக் காலம் தாங்கியது. பிறகு வீட்டிலேயே ஒட்சிசன் வேண்டியிருந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் மிகவும் வருந்துகிறார் என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"வருந்தட்டும்" என்றார். மூச்சுக்காக நின்று நின்று பேசினார். "மிஷினுக்குப் பெட்டி செஞ்சீங்க. பஞ்சு வெச்சீங்க. கொழும்புக்கு அனுப்பினீங்க. எனக்கிட்ட ஒத்தராவது, 'நானா, ஒங்களுக்கு என்ன செய்யுது?' என்டு கேட்டீங்களா?"

நான் பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த மாதம் கொழும்பில் ஒரு கருத்தரங்கு நடந்தது. எங்கள் டாக்டர் நானாவின் நோயை அங்கே விளக்கினார். நானா அதற்குச் சம்மதித்திருந்தார். பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. 'நடுத்தர வயது ஆண், புறா வளர்ப்பவர்' என்றுதான் திரையில் இருந்தது. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். முடிவில் ஒருவர் எழுந்து, நுரையீரல் இவ்வளவு தழும்பாகும்வரை ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை என்று கேட்டார்.

டாக்டர் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். பிறகு, "நோயாளி மிகவும் தாமதமாக வந்தார்" என்று பதில் சொன்னார்.

அவர் எங்களோடு ஒரே வேனில் வந்தவர். ஒரே பானையில் சோறு சாப்பிட்டவர். நான் எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். எழவில்லை. கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். திரும்பும் வழியில் பெலிஹுல்ஓயாவில் தேநீருக்காக நிறுத்தினோம். டாக்டர் கோப்பையைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "அந்த இடத்தில நான் வேற என்ன சொல்றது?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை.

நானாவைப் பார்க்கப் போனேன். கூட்டத்தில் என்ன கேட்டார்கள் என்று அவராகவே விசாரித்தார். பொய் சொல்ல நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நாமளும் அப்பிடித்தானே தங்கச்சி எழுதினம்" என்றார். "தோட்டத்து ஆள் இருமி இருமி, டிஸ்பென்சரிக்கு நடந்து நடந்து, கடைசியில எங்கட மேசைக்கு வந்தா, தாமதமா வந்தார் என்டு எழுதுவம். அந்தாள் எங்க போய் இருந்தார்? அங்கதான் இருந்தார்."

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. வேலை, பிள்ளையின் பரீட்சை, மழை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது.

அடக்கத்தன்று மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே பெண்களோடு உட்கார்ந்தேன். ஸுபைதா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு ஞாயிறும் கேப்பார், தங்கச்சி வரல்லயா என்டு. ஒங்களுக்கு வேல கூட என்டு நான் சொல்லுவன்" என்றார். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. குறை சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

மனிதர் போன பிறகு, அவரிடமிருந்து பொறுமையைக் கற்றேன், அன்பைக் கற்றேன் என்று எழுதுவது வழக்கம். அவரிடம் அவையெல்லாம் இருந்தன. நான் கற்றேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியாமல் போன கை மட்டும்தான். இப்போதெல்லாம் நோய் முற்றிய ஒருவர் வந்தால் 'தாமதமாக வந்தார்' என்று நான் எழுதுவதில்லை. "இதுக்கு முன்னாடி யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்கிறேன். எல்லோரும் யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியிடம், பிள்ளையின் ஆசிரியையிடம், இருமல் மருந்து விற்கும் கடையில். அவர்கள் சொன்ன இடத்தை எழுதிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒரு அம்மா வந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. அவரிடமும் கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "ஒங்ககிட்டதாம்மா சொன்னேன். போன வருசம் எங்க லயத்துக்கு வந்தீங்களே, அப்ப" என்றார்.

எனக்கு நினைவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. பேனாவை எடுத்து, அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.